கல்லும் திரையும்: வரலாற்று வகுப்பில் உத்தரமேரூர்

(வரலாற்றாசிரியர் கூடிய அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

வரலாறு என்னும் பாடம் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் நெடுங்காலம் நெட்டுருச் சுமையாகவே இருந்து வந்தது. அரசன் பெயர், ஆண்டு, போர், வென்றவன், தோற்றவன். தேர்வு முடிந்த மறுநாள் அனைத்தும் மறதி. இன்று அவ்வகுப்பறைக்குள் புதுக்கருவிகள் புகுந்துள்ளன. 2018 முதல் வெளிவந்த பாடநூல்களில் விரைவுத் துலங்கற் குறியீடு அச்சிடப்பெற்றது. கைப்பேசியை அதன்முன் பிடித்தால் காணொளி விரிகின்றது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023-இல் ‘மணற்கேணி’ என்னும் செயலி வந்தது. அச்செயலிக்கு வள்ளுவர் வாய்ச்சொல்லையே பெயராக இட்டது பாராட்டத்தக்கது.

கருவி வந்தது நன்று. ஆயின், கருவி வந்ததனாலேயே வரலாற்றறிவு வந்துவிடாது. நேற்று நெட்டுருப் போட்ட பிள்ளை இன்று வாய்பிளந்து திரையைப் பார்த்திருக்கும் பிள்ளையாக மட்டும் மாறியிருந்தால், ஒரு மடிமை போய் மற்றொரு மடிமை வந்தது என்பதன்றி வேறென்ன? சான்றைப் பிள்ளையின் கைக்கு அருகில் கொண்டுவரும் கருவியே வரலாற்றுக் கருவி. மற்றவை வேடிக்கைப் பெட்டிகள்.

ஒரே ஓர் எடுத்துக்காட்டை ஆழமாகப் பார்ப்போர்க்கு இது விளங்கும். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை அறியாத தமிழாசிரியர் இலர். முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது 919-இலும் 921-இலும், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் வெட்டப்பெற்றவை அவை. வெங்கையா அவற்றை ஆராய்ந்து, இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05-ஆம் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். குடவோலை முறையை மேடைதோறும் முழங்குகின்றோர் பலர். முழங்குவோருள் அக்கல்வெட்டை முழுமையாகப் படித்தவர் எத்தனை பேர்?

வகுப்பறையில் அதனை நடித்தே காட்டலாம். பெருஞ்செலவில்லை. இரண்டு குடங்கள், நறுக்கிய தாள்கள், வகுப்பிற்கு வெளியேயிருந்து அழைத்துவரப்பெற்ற ஒரு சிறு பிள்ளை, இவை போதும். ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதி, வாயோலை பூட்டிக் கட்டாக்கிக் குடத்திலிட்டனர். குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்டினர். உள்ளிருப்பது இன்னதென்றறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, அதினின்றும் அவனே ஓர் ஓலையை எடுத்தான். அவ்வோலையை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்து அகங்கையிலே வாங்கவேண்டும் என்பது கட்டளை.

இவ்விடத்தில் ஆசிரியர் நடிப்பை நிறுத்தி, விரல்களை ஏன் விரிக்கச் சொன்னார்கள் என்று மட்டும் கேட்கட்டும். விடையைத் தாமே சொல்லிவிடுதல் கூடாது. ஓலையை மறைத்து வேறோலையை மாற்றிவிடாதிருக்க என்று ஏதேனும் ஒரு பிள்ளை கண்டுசொல்லும். அப்பிள்ளை அந்த நொடியில் ஆயிரத்து நூறாண்டைக் கடந்து அவ்வூரவையின் நடுவில் நிற்கின்றது. எந்தக் காணொளியும் அதனை அங்கே கொண்டு நிறுத்தியிராது.

நடிப்பு இதனோடு முடிந்தால் பெருமிதம் மட்டுமே மிஞ்சும். பாடத்தின் பாதியே நடந்திருக்கும். மறுநாள், தேர்தலுக்கு நிற்கும் தகுதிகளை ஒவ்வொன்றாகப் படிக்கவேண்டும். மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு சீட்டு: அகவை, நிலம், வீடு, கல்வி எல்லாம் அதில் எழுதியிருக்கும். அனைவரும் எழுந்து நிற்பர். இறையிறுக்கும் நிலம் கால் வேலிக்கு மேல் இல்லாதவர் அமர்க! தம் மனையில் வீடெடுத்துக்கொள்ளாதவர் அமர்க! 35 அகவைக்குக் கீழ்ப்பட்டவரும் 70-க்கு மேற்பட்டவரும் அமர்க! முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் அமர்க. அவர்தம் நெருங்கிய உறவினரும் அமர்க! வடமொழி மறை ஓதாதவர் அமர்க! அரைக்கால் வேலியே உடையவராயினும், ஒரு வேதமும் அதற்குரிய விளக்கநூல் ஒன்றும் கற்றுப் பிறர்க்கு விரிக்க வல்லவர் நிற்கலாம்.

முடிவில் எத்தனை பேர் நிற்பர்? நாற்பது பேர் வகுப்பில் ஓரிருவர். உழுதவன் அமர்ந்துவிட்டான். நெய்தவன் அமர்ந்துவிட்டான். மண்பானை வனைந்து அக்குடத்தையே கொடுத்தவனும் அமர்ந்துவிட்டான். அவ்வூரின் பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். பார்ப்பனர்க்கு விடப்பெற்ற ஊர். அங்கிருந்த அவை அவர்தம் அவை. இதனை மறைத்துவிட்டு உலகிலேயே முதன்முதல் மக்களாட்சி தமிழன் கண்டது என்று பிள்ளைகட்குச் சொல்லிக்கொடுப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. கணக்குக் காட்டாதவனைத் தள்ளிவைத்த நேர்மையும், மறை ஓதாதவனைத் தள்ளிவைத்த கொடுமையும் ஒரே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. இரண்டையும் காணும் மாணவன்தான் வரலாறு கற்றவன்.

மொழிநிலையும் அக்கல்லிலேயே உண்டு. தேர்ந்தெடுக்கப்பெற்ற 30 பேருள் பன்னிருவர் ஆண்டு வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் சென்றனர். ஆண்டு வாரியத்தைக் கல்வெட்டு ‘சம்வத்சர வாரியம்’ என்கின்றது. தோட்டமும் ஏரியும் தமிழாக நிற்க, அதிகாரம் மிக்க வாரியம் வடசொல்லை அணிந்து நிற்பது ஏன்? மொழி எவ்வழியே உள்ளே நுழைகின்றது என்பதை ஒரு மணி நேரச் சொற்பொழிவைவிட இம்மூன்று பெயர்களும் தெளிவாகக் காட்டும்.

இனிக் கணினி எங்கே வருகின்றது என்று கேட்கலாம். முதலாவது, கல்வெட்டின் ஒளிப்படத்தைத் திரையிற் பெரிதாக்கிப் பிள்ளைகளே எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு. சோழர்கால எழுத்தின் வரிவடிவ அட்டவணை ஒன்றிருந்தால் பத்தாம் வகுப்பு மாணவர் சில நாளில் சில சொற்களையேனும் பிடித்துவிடுவர். இரண்டாவது, எண்ணுவதற்கு. சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமாவும் தமிழறிஞர் சுப்பராயலுவும் மட்சுயி என்பாரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைத் தொகுத்து 1978-இல் மூன்று தொகுதிகளாக மதுரையில் வெளியிட்டனர். ஒரு பெயர் எங்கே, எந்தக் காலத்தில், எத்தனை முறை வருகின்றது என்று எண்ணி, அதினின்றும் குமுகாய மாற்றத்தைக் கண்ட முறை அது. அதனையே சிறிய அளவில், ஐம்பது கல்வெட்டுகளைக் கொண்டு, பள்ளிக் கணினியில் மாணவர் செய்யலாம். மூன்றாவது, அளவைகளை எழுதுவதற்கு. காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. தமிழியின் தனிக்குறிகள் சில 2021-இல் சேர்ந்தன. மாவென்பது இருபதிலொன்று, காணியென்பது எண்பதிலொன்று என்று கணக்கு வகுப்பிலும் கற்பிக்க இனித் தடையில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் ஒரு சொல். கேட்ட மாத்திரத்தில் அது பராந்தகனின் முகத்தை வரைந்து தரும். அவன் குரலிற் பேசவும் செய்யும். பராந்தகனின் முகம் எவர்க்கும் தெரியாது. அவன் குரலைக் கேட்டவர் இன்று எவரும் இலர். புலனத்தில் நாள்தோறும் உலாவரும் பொய்ப்பெருமைகளோடு இதுவும் ஒன்றாகச் சேர்கின்றது. அத்தகைய படத்தை வகுப்பில் காட்டத்தான் வேண்டுமெனின், இதில் கல்லில் உள்ளது எது, பொறி இட்டுக்கட்டியது எது என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லிக் காட்டலாம்.

உத்தரமேரூர் செல்ல இயலாத பள்ளிகள் பல. அவற்றிற்கும் வழியுண்டு. அருகிலுள்ள கோயிற் சுவரிலோ, ஏரிக்கரை நடுகல்லிலோ எழுத்திருக்கும். வெயிலேறிய நண்பகலில் சென்றால் ஒன்றும் தெரியாது. மாலை மங்கியபின், தக்கார் இசைவு பெற்று, கைப்பேசி விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், ஏறத்தாழக் கல்லைத் தொடும் அளவிற்குச் சாய்த்துப் பிடிக்கவேண்டும். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் மேலெழும். எண்ணெயோ சுண்ணமோ சுண்ணக்கோலோ கல்லின்மேற் படக்கூடாது. ஒளியை நான்கு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடித்து, பக்கத்திற்கொன்றாக நான்கு படம் எடுத்துவந்து, மறுநாள் காலை வகுப்பில் திரையிலிட்டுப் படிக்கத் தொடங்கலாம்.