பணம் வாங்க ஓடிபி எதற்கு?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் பேசியது)



மெயில் மோசடி பற்றிப் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது, "எனக்கு என்ன சார் தெரியும்?" என்றேன். "ஏமாந்தவர் நீங்கள்தானே, உங்களைவிட யாருக்குத் தெரியும்?" என்றார். அதனால் உங்கள் முன் நிற்கிறேன்.

போன வருடம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துவிட்டு ரீஃபண்டுக்காகக் காத்திருந்தேன். ஒரு நாள் மதியம் மெயில் வந்தது. துறையின் பெயர், அரசு முத்திரை, என் முழுப் பெயர், எல்லாம் இருந்தன. 'உங்கள் ரீஃபண்ட் ரூ.18,420 நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. இன்று மாலை 6 மணிக்குள் வங்கி விவரத்தைச் சரிபார்க்கவும்.' கீழே ஒரு லிங்க். தட்டினேன். கார்டு எண் கேட்டது, கொடுத்தேன். ஓடிபி கேட்டது, அதையும் கொடுத்தேன். அடுத்த நிமிடம் கணக்கிலிருந்து ரூ.40,000 போய்விட்டது.

அதைவிடப் பெரிய தவறை அதற்குப் பிறகுதான் செய்தேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஏமாந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் மகளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "பணம் வாங்குவதற்கு எதற்குப்பா ஓடிபி?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

ரீஃபண்ட், நாம் ஏற்கெனவே பதிவு செய்து சரிபார்த்த வங்கிக் கணக்கில் நேராக வந்துவிடும். அதற்கு கார்டு எண்ணும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். சந்தேகம் வந்தால் மெயிலில் உள்ள லிங்கைத் தொடாமல், துறையின் தளத்தை நாமே திறந்து பாருங்கள்.

அனுப்பியவர் பெயரை நம்பாதீர்கள். அந்த இடத்தில் யாரும் எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். பெயரைத் தட்டினால் முழு முகவரி தெரியும். அதைக் கடைசியிலிருந்து படியுங்கள். தபால் முகவரியில் ஊர் கடைசியில் வருவதுபோல, இங்கேயும் கடைசியில் இருப்பதுதான் முக்கியம். வருமான வரித் துறையின் தளம் 'டாட் கவ் டாட் இன்' என்று முடியும். அதற்குப் பின்னாலும் வேறு பெயரும் 'டாட் காம்' என்பதும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது அரசு முகவரி அல்ல. முகவரியையே போலியாகக் காட்டவும் வழி உண்டு. ஆகவே முகவரி சரியாக இருக்கிறது என்று மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள்.

இது நம் குடியிருப்புக்கும் பொருந்தும். நாளைக்கே நம் பொருளாளர் பெயரில், 'மெயின்டனன்ஸ் பணத்தை இனி இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள்' என்று மெயில் வரலாம். போடாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணில் அல்ல. கணக்கு உண்மையிலேயே மாறினால் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும் என்று நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

வேண்டாத விளம்பர மெயில்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பொருள் வாங்கிய கடையிலிருந்து வந்தால் 'அன்சப்ஸ்கிரைப்' கொடுக்கலாம். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்தால் அதையும் தொடாமல் 'ஸ்பாம்' என்று குறித்துவிடுங்கள். தொட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஏமாந்துவிட்டால்? உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள். சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுங்கள். சீக்கிரம் சொன்னால், போன பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நான் புகார் கொடுத்தபோது என் பணம் பல கணக்குகளைத் தாண்டிப் போயிருந்தது. திரும்பி வரவில்லை.

தனியாக இருக்கும் பெரியவர்கள் இங்கே நிறையப் பேர். பிள்ளைகளிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால், என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மெயிலைச் சேர்ந்து படிப்போம். ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல வருபவரைப் பார்த்து இந்தக் குடியிருப்பில் ஒருவர்கூடச் சிரிக்கக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான்.