கரைக்குக் கீழே இருப்பவர்கள்



கூட்டம் ஈக்காட்டுத்தாங்கலில் நடக்கிறது. எனவே ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறோம். தாங்கல் என்றால் சிறிய ஏரி. இன்று இங்கே தாங்கலைத் தேடினால் தொழிற்கூடங்களும் மெட்ரோ நிலையமும்தான் கிடைக்கும். ஏரி என்று ஒன்று இருந்தால் அதற்குக் கரை இருக்கும், கரையைக் காக்க ஓர் ஆள் இருப்பார். செங்கல்பட்டு வட்டாரத்தில் அவரை நீர்க்கட்டி என்பார்கள், கம்புகட்டி என்றும் சொல்வார்கள். பல ஊர்களில் அவர் சேரியிலிருந்து வந்தவர். மழை இரவில் விளக்கோடு கரைமேல் நடந்து, எங்கே கசிகிறது, கசிகிற தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. தெளிந்த கசிவுக்கு அவ்வளவு பயமில்லை. கலங்கல் என்றால் தண்ணீர் கரையின் மண்ணை உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். பொறியியல் கல்லூரியில் இதையேதான் வேறு பெயரில் பாடமாக நடத்துகிறார்கள்.

பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பல இடங்களில் கரையைக் காத்தவருக்கு ஆயக்கட்டில் சொந்த நிலம் கிடையாது. களத்தில் அளந்து போட்ட நெல்தான் கூலி. ஆனாலும் ஒன்று இருந்தது: அவர் கத்தினால் ஊர் எழுந்து வந்தது.

இன்று நாங்கள் பேச வந்திருப்பது வேறு வகைக் கரையைப் பற்றி. சுரங்கத்தில் பாறையை வெட்டி, மாவாக அரைத்து, வேண்டிய தாதுவை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதைத் தண்ணீரோடு கலந்து குழம்பாகக் குழாயில் அனுப்புகிறார்கள். மண்கரை போட்டுத் தேக்கி வைக்கிற அந்த இடத்துக்குக் கழிவுக் குளம் என்று பெயர். ஏரிக்கரையை ஒரே மூச்சில் கட்டி முடிப்பார்கள். இதன் கரை அப்படியல்ல, குளம் நிரம்ப நிரம்ப உயர்ந்துகொண்டே போகும். செலவைக் குறைப்பதற்காகப் பல இடங்களில், ஏற்கெனவே கொட்டிய கழிவின் மேலேயே அடுத்த கரையை எழுப்புவார்கள். அதாவது சேற்றின் மேல் சுவர். உள்ளே நீர் அழுத்தம் ஏறினால், திடமாகத் தெரிகிற அந்தக் கழிவு நொடியில் குழம்பாகிவிடும். சுரங்கத்தை மூடினாலும் கரையைக் காக்கும் வேலை மூடாது.

ஜார்க்கண்டின் கிழக்கு சிங்பூம் மாவட்டத்தில் ஜாதுகுடா என்ற ஊர் இருக்கிறது. 1967 முதல் அங்கே அரசு நிறுவனமான இந்திய யுரேனியம் கழகம் இயங்கி வருகிறது. சந்தால், ஹோ, முண்டா ஆதிவாசிகளின் மண் அது. அங்கே ஆயிரம் கிலோ பாறையை அரைத்தால் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. மற்றதெல்லாம் கழிவுக் குளத்துக்குத்தான் போகிறது. மூன்றாவது குளத்துக்காக 1996 ஜனவரியில் சாட்டிகோச்சாவில் வீடுகளை இடித்தார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம் ஜாதுகுடா பற்றிய பொதுநல மனுவைத் தள்ளுபடி செய்தது. போதிய நடவடிக்கை எடுத்திருக்கிறோம் என்று அணுசக்தி ஆணையத் தலைவர் தந்த உறுதிமொழிப் பத்திரம் நீதிமன்றத்துக்குப் போதுமானதாக இருந்தது. குளத்தை உண்டாக்கிய துறையே குளம் பத்திரம் என்று சான்று சொன்னது. அன்று நடப்பிலிருந்த 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்திலோ, தகவலை மறைக்க அரசுக்குத் தாராளமாக இடமிருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2006 டிசம்பர் கடைசி வாரத்தில், டுங்ரிடீ ஊரருகே கழிவு கொண்டுபோகும் குழாய் உடைந்தது. பல மணி நேரம் குழம்பு ஓடையில் கலந்தது. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. அடிப்பதற்கு அங்கே மணியே இல்லை. உடைப்பைக் கண்டு சொன்னவர்கள் ஊர் மக்கள். முந்தைய குளங்களுக்காக இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. சம்பளமும் பதவியும் இல்லாத நீர்க்கட்டிகள் அவர்கள்தாம். நிறுவனத்தின் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை.

பிரேசிலில் மணி இருந்தது, ஆனால் அடிக்கவில்லை. 2019 ஜனவரி 25 அன்று புருமாதின்யோவில் வாலே நிறுவனத்தின் இரும்புத்தாதுக் கழிவு அணை சரிந்து 270 பேர் மாண்டார்கள். தொழிலாளர் உணவகம் அணைக்கு நேர் கீழே இருந்தது. முந்தைய ஆண்டுதான் அந்த அணை உறுதியாக இருக்கிறது என்று ஒரு தணிக்கை நிறுவனம் சான்று தந்திருந்தது. அந்தத் தணிக்கைக்குக் கட்டணம் கொடுத்தது வாலே. இவ்வளவு பேர் செத்த பிறகு, கழிவின் மேல் கரை எழுப்பும் முறையையே பிரேசில் 2020இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. உடைந்தால் தப்பிக்க நேரமில்லாத தூரத்தில் மக்கள் வாழ்ந்தால் அங்கே புதிய அணையே கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

நம் நாட்டில்? 2020 ஏப்ரல் 10, ஊரடங்கு காலம். மத்தியப் பிரதேசம் சிங்ரௌலியில் சாசன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளக் கரை உடைந்து குழந்தைகள் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். கொரோனா எண்ணிக்கைகளுக்கு நடுவே அந்தச் செய்தி அமுங்கிப்போனது. மறு ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் அணை என்பதற்கான விளக்கத்தைத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும்: ஆற்றின் அல்லது துணையாற்றின் குறுக்கே, நீரைத் தேக்கவோ திருப்பவோ கட்டப்படுவது. கழிவுக் குளமும் சாம்பல் குளமும் அந்த விளக்கத்துக்குள் வராது. தண்ணீருக்கு ஒரு சட்டம், சேற்றுக்கு இல்லை. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி அமைப்பு 1945இல் உருவானபோது அந்தத் துறைக்குப் பொறுப்பு வகித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அணை நமக்குச் சம்பந்தமில்லாத பொறியாளர் விவகாரம் என்று நினைக்கும் மாணவர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறோம்.

ஜார்க்கண்ட் தூரம் என்று தோன்றலாம். வட சென்னை அனல்மின் நிலையச் சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் செப்பாக்கம் இருக்கிறது. குழாய்களிலிருந்து ஒழுகிய சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்து, மீனவர்களின் பாட்டைக் கெடுத்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. இங்கிருந்து ஒரு பேருந்து மாறினால் போய்விடலாம்.

அவ்வளவுகூட வேண்டாம். காசி தியேட்டர் பாலத்தில் நின்று அடையாற்றைப் பாருங்கள். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். மறுநாள் இந்தத் தெருக்களில் தண்ணீர். செம்பரம்பாக்கம் கழிவுக் குளம் அல்ல, கரையும் உடையவில்லை. ஆனால் மேலே கதவைத் திறப்பவருக்குத் தெரிந்தது கீழே தூங்குபவருக்கு எப்போது தெரிந்தது என்ற கேள்வி ஜாதுகுடாவில் கேட்ட அதே கேள்விதான். வெள்ளம் வடிந்ததும் ஆற்றோரக் குடிசைகளை ஆக்கிரமிப்பு என்று எடுத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அதே ஆற்றின் மேல்தான் கிடக்கிறது. அதை யாரும் அப்படி அழைத்துக் கேட்டதில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை புதிய கமிட்டி அல்ல. கரைக்குள் நீர் அழுத்தத்தை அளக்கும் கருவிகளின் அளவுகள் வாரந்தோறும் ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். உடைந்தால் எந்தத் தெரு எத்தனை நிமிடத்தில் மூழ்கும் என்ற வரைபடம் அந்தத் தெருக்காரர் கையில் இருக்க வேண்டும். சைரனின் சாவி ஒன்று ஊரில் இருக்க வேண்டும். கரைமேல் நடக்க ஊர் தேர்ந்தெடுத்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும், அவர் எழுதும் பதிவேடு தணிக்கையில் ஏற்கப்பட வேண்டும். தணிக்கையாளருக்குப் பணம் கொடுப்பது நிறுவனமாக இருக்கக் கூடாது.

இவற்றில் ஒரு பங்கை இன்றே கேட்டு வாங்கலாம். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டங்கள் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அது பொது ஆவணம். கேட்க ஆளில்லாததால் அலமாரியில் கிடக்கிறது. வாசல் மேசையில் தகவல் உரிமை மனுவின் மாதிரி வைத்திருக்கிறோம். உங்கள் மாவட்டத்துக் குளத்தின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையும் அங்கேயே கிடைக்கும்.