குளம் என்றால் என்ன?



புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஏ9 வீதி நெடுகக் குளங்களின் பெயர்கள். ஒன்றைப்போல் மற்றது இல்லை. ஆனாலும் எல்லாம் குளம். பலவற்றில் நிற்கும் இந்தப் பொதுமையை வைசேடிகர் ‘சாமானியம்’ என்றனர். அவர்கள் கூறும் ஆறு பொருள்களுள் ஒன்றாக மணிமேகலையின் 27ஆம் காதை அதைச் சொல்கிறது. அப்படியொன்று பொருளில் இல்லை, நமது எண்ணத்திலேயே உண்டு என்று பௌத்தர் மறுத்தனர்.

நம் காலத்து மொழியியலாளர் அன்னா வியெஷ்பிட்ஸ்கா வேறு வழியில் தேடினார். ‘குளம்’ எல்லா மொழிக்கும் பொதுவன்று. நான், நீ, நல்லது, அறிதல், விரும்புதல், வாழ்தல் போன்ற ஏறத்தாழ 65 கருத்துகளே எங்கும் உள்ளவை. மற்றவற்றை அவற்றைக்கொண்டு விளக்கலாம் என்பது அவர் கொள்கை. 1972இல் 14 கருத்துகளோடு தொடங்கினார்.

புலம்பெயர்ந்த சகோதரிகளே, தமிழறியாத பேரப்பிள்ளை குளம் என்றால் என்னவென்று கேட்டால் நீச்சல் தடாகத்தைக் காட்டாதீர்கள். “முன்னர் வாழ்ந்தவர்கள் பின்னர் வாழ்பவர்களுக்காகச் செய்த இடம்; மாரியில் தண்ணீர் சேரும், கோடையில் ஊர் அதனால் வாழும்” என்று பிள்ளைக்குத் தெரிந்த மொழியிலேயே சொல்லுங்கள். விளங்கும். அதன்பின் ‘குளம்’ என்ற சொல்லையும் கொடுங்கள்.