480 நாட்கள்



நான் லேத், மில்லிங் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் இந்தக் கல்லூரியே சொல்லிக் கொடுத்தது. சொல்லிக் கொடுக்காத ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2012-ல் படிப்பு முடிந்ததும் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் இன்ஜினீயராகச் சேர்ந்தேன். நான் போட்ட முதல் முக்கியமான கையெழுத்து டிராயிங்கில் அல்ல, மஸ்டர் ரோலில்! மேலாளர் ஒரு பட்டியலை நீட்டினார். "இந்த ஒன்பது பேருக்கும் பத்து நாள் பிரேக் போட்டுடுங்க தம்பி. 480-ஐத் தொட்டுட்டா நமக்குத் தலைவலி" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போட்டுவிட்டேன்.

அது என்ன 480? 1981-ல் தமிழ்நாட்டில் தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி அளிக்கும் சட்டம் வந்தது. 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. நோய், அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, சட்டத்துக்கு உட்பட்ட வேலைநிறுத்தம், கதவடைப்பு ஆகியவற்றால் பணித்தொடர்ச்சி அறுந்துபோகாது. தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றாலும் அப்படியே. சிவில் நண்பர்கள் கவனிக்க: கட்டுமானப் பணிக்கு இச்சட்டம் பொருந்தாது.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் டர்னர். எனக்கு டூல் பிடிக்கக் கற்றுக்கொடுத்த அண்ணன். ஆய்வாளர் விசாரணைக்கு வந்த அன்று, அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் அதில் தேதியோடு இருந்தது. ஆய்வாளர் என்னைப் பார்த்து, "அந்தப் பத்து நாளும் மெஷின் ஓடலையா?" என்று கேட்டார். ஓடியது சார். பக்கத்து லேத்காரரை வைத்து நானே ஓட்டினேன். அதை ஒப்புக்கொண்டபோது அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு ஒன்பது பேரும் நிரந்தரமானார்கள். அண்ணன் என்னிடம் பழையபடி பேச ஒரு வருஷம் ஆயிற்று.

முதலாளிகளாக இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக் கடத்துவது லாபமில்லை. அதே 1981-ல் வந்த பிழைப்பூதியச் சட்டத்தைப் பாருங்கள். விசாரணைக்காக ஒருவரை இடைநீக்கம் செய்தால் முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம் தரவேண்டும். ஆகவே விசாரணையைச் சீக்கிரம் முடியுங்கள், பதிவேட்டை உள்ளபடி எழுதுங்கள்.

வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளே! பணிநியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அதை வலியுறுத்துகின்றன. சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். அண்ணன் மாதிரி ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு உங்கள் முன்னாலும் ஒரு பட்டியல் நீட்டப்படும். பேனாவைத் திறப்பதற்கு முன், "இது எதுக்கு சார்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அன்று நான் கேட்கவில்லை.