பெட்டிக்குள் ஒரு பீரங்கி



ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கும் கைவேலைகளுள் சிற்றுரு அமைத்தலும் ஒன்று. கடைகளிலே ‘கிட்’ என்று விற்கப்படும் மட்டைப் பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டுகள் பலவற்றைக் காணலாம். அவற்றை வெட்டியெடுத்து, அராவி, ஒட்டி, வர்ணந் தீட்டினால் ஒரு விமானமோ கப்பலோ உருவாகிவிடும். இவ்வகைப் பெட்டிகளுள், இழுவைப் பீரங்கியின் பெட்டியைத் தேர்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். தானாக ஓடும் ஆற்றலின்றி, குதிரையாலோ மோட்டார் வண்டியாலோ இழுத்துச் செல்லப்படுவதையே இழுவைப் பீரங்கி என்கிறோம்.

இதற்கெனத் தனிப் பேச்சு வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. யுத்த தாங்கியின் சிற்றுருவிலே உள்ளுறுப்புக்கள் யாவும் கவசக் கூட்டுக்குள் மறைந்துவிடுகின்றன. பீரங்கிக்கோ மறைக்குங் கூடு இல்லை. குழாய், அதனைத் தாங்குந் தொட்டில், பின்னுதைப்பை வாங்கிக்கொள்ளும் அமைப்பு, உயர்த்தித் தாழ்த்தும் பற்சில்லு, குறிபார்க்கும் கருவி, வால் ஆகிய எல்லாம் வெளியே நிற்கின்றன. ஆகவே பெட்டியின் குறையும் செய்பவரின் குறையும் ஒருங்கே கண்ணிற் படும். அதே காரணத்தினால், ஓர் இயந்திரம் எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் கையால் தொட்டு அறிவதற்கும் இது நல்ல வாய்ப்பாகும்.

எடுத்துக்காட்டாகப் பிரித்தானியரின் 25 இறாத்தற் பீரங்கியை எடுத்துக்கொள்வோம். அது வீசும் குண்டின் நிறையே அதற்குப் பெயராயிற்று. குழாயின் உள்விட்டம் 87.6 மில்லிமீற்றர், குழாயின் நீளம் ஏறக்குறைய இரண்டரை மீற்றர், இயக்குவோர் அறுவர். 1942ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி இரவு, எகிப்திலுள்ள எல் அலமெயினில் ஏறக்குறைய 900 பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. அவற்றுட் பெரும்பாலானவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே. புதுதில்லியிலே குடியரசு தினத்தில் மரியாதை வேட்டுத் தீர்க்கவும் இப்பீரங்கிகளே நெடுங்காலம் பயன்பட்டன. 2023இல்தான் இந்தியாவிலேயே செய்யப்பட்ட 105 மில்லிமீற்றர் பீரங்கிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன.

இனி, பெட்டியை வாங்குமுன் நம்மை நாமே கேட்கவேண்டிய கேள்விகளைப் பார்ப்போம்.

முதலாவது கேள்வி, அளவு பற்றியது. 35இல் ஒரு பங்கு, 72இல் ஒரு பங்கு, 76இல் ஒரு பங்கு என்ற அளவுகளே கடைகளிற் பெரிதுங் காணப்படுவன. இவற்றுள் 35இல் ஒரு பங்கு என்னும் அளவு எவ்வாறு வந்தது தெரியுமா? 1960களின் தொடக்கத்தில் யப்பானியத் தமியா நிறுவனம், மோட்டார் பூட்டிய தாங்கிச் சிற்றுரு ஒன்றைச் செய்தது. மின்கலங்களை உள்ளே வைக்கப் போதிய இடம் வேண்டுமென்று அதன் பருமனை வகுத்தார்கள். அளந்து பார்த்தபோது அஃது ஏறக்குறைய 35இல் ஒரு பங்காக இருந்தது. பின்னர் உலகமெங்கும் அதுவே வழக்காயிற்று. மின்கலம் வகுத்த அளவு, மின்கலமே வேண்டாத பீரங்கிகளுக்கும் வந்து சேர்ந்தது! 76இல் ஒரு பங்கோ, பிரித்தானியப் பொம்மைப் புகையிரதங்களின் அளவு. எயார்பிக்ஸ் நிறுவனம் 25 இறாத்தற் பீரங்கியை, அதனை இழுக்கும் மொரிஸ் வண்டியுடன் அவ்வளவிலேதான் 1960களில் வெளியிட்டது.

35இல் ஒரு பங்கில் இப்பீரங்கியின் குழாய் 7 சென்ரிமீற்றர் நீளமாகும்; 76இல் ஒரு பங்கில் 3 சென்ரிமீற்றருக்குச் சற்றே அதிகம். பெரிய அளவிலே உறுப்புக்கள் தெளிவாகத் தெரியும், விரல்களுக்கும் எளிது. சிறிய அளவிலே இழுவண்டி, குண்டுப் பெட்டி வண்டி எல்லாவற்றையும் ஒரு புத்தகத்தின் மேல் நிறுத்திவிடலாம். ஆனால் ஜேர்மனியரின் 88 மில்லிமீற்றர் விமான எதிர்ப்புப் பீரங்கியைத் தேர்ந்தால், 35இல் ஒரு பங்கிலும் அதன் குழாய் மட்டுமே 14 சென்ரிமீற்றராகும். அதனை வைக்க அலுமாரியில் இடம் உண்டா என்று முதலிலேயே அளந்து பார்ப்பது நன்று.

இரண்டாவது கேள்வி, நிலை பற்றியது. இழுவைப் பீரங்கிக்கு இரண்டு வாழ்க்கைகள் உண்டு. ஒன்று வீதியிலே இழுபட்டுச் செல்வது. மற்றொன்று களத்திலே நிலைகொண்டு சுடுவது. 25 இறாத்தற் பீரங்கி பயணஞ் செய்யும்போது, வட்டமான மேடை ஒன்று அதன் வாலின் கீழே தொங்கும். களத்திலே அம்மேடையை நிலத்தில் இறக்கி, சில்லுகளை அதன்மேல் ஏற்றிவிட்டால், ஒருவரே வாலைப் பற்றிப் பீரங்கியை எத்திசைக்குந் திருப்பலாம். இந்த இரு நிலைகளில் எதனைக் காட்டப் பெட்டி இடந்தருகின்றது, இரண்டையுமா, ஒன்றை மட்டுமா என்று செய்முறைத் தாளைப் பார்த்தறிய வேண்டும்.

மூன்றாவது கேள்வி, எந்தக் காலத்துப் பீரங்கி என்பது. ஒரே பெயருள்ள பீரங்கியும் ஆண்டுக்காண்டு மாறியது. தொடக்கத்தில் 25 இறாத்தற் பீரங்கியின் குழாய்முனை வெறுமையாக இருந்தது. தாங்கிகளை எதிர்க்க வலுக்கூடிய மருந்திட்டுச் சுட்டபோது அது நிலைகுலையாதிருக்கும்பொருட்டுப் பின்னர் முனையிலே ஒரு தடுப்பைப் பொருத்தினார்கள். எல் அலமெயினைக் காட்ட விரும்புபவர், பிற்காலத்து உறுப்புக்கள் உள்ள பெட்டியை வாங்கினால் வரலாறு பொருந்தாது. பெட்டியின் மேலுள்ள வர்ணப் படத்தை நம்பாமல், உண்மைப் புகைப்படத்துடன் ஒப்பிடுவதே வழி. பழைய அச்சிலே வார்த்தவற்றைப் புதிய பெட்டியில் இட்டு விற்பதும் உண்டு. அச்சு எந்த ஆண்டினது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, துண்டுகளின் தரம். முதலிற் குழாயைப் பாருங்கள். அஃது இரண்டு பாதிகளாக வந்தால், ஒட்டிய தழும்பை அரத்தாளால் தேய்த்து நீக்கவேண்டும். அப்போது வட்டங் கெடாமற் காப்பது அரிது. ஒரே துண்டாகவோ கடைந்த அலுமினியமாகவோ வந்தால் அந்தத் தொல்லை இல்லை. அடுத்து, முன்னே நிற்குங் கேடயத்தைப் பாருங்கள். உண்மைக் கேடயம் சில மில்லிமீற்றர் தடிப்பே உள்ளது. சிற்றுருவிலே அது 0.7 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், 35 மடங்காக்கும்போது ஏறக்குறைய இரண்டரைச் சென்ரிமீற்றர் ஆகிவிடுகின்றது. இதனைச் சரிசெய்யச் சில நிறுவனங்கள் மெல்லிய பித்தளைத் தகட்டுத் துண்டுகளையுஞ் சேர்க்கின்றன. அவை அழகியவை, ஆயினும் மடிப்பதற்கும் ஒட்டுவதற்கும் பழகிய கை வேண்டும். துண்டுகளின் தொகை கூடினால் தரமுங் கூடும் என்று எண்ணற்க. முதன்முதலாகச் செய்பவருக்குக் குறைந்த துண்டுகளும் தெளிவான செய்முறைத் தாளுமே துணை. இரு சில்லுகளும் வாலின் நுனியும் ஒருங்கே நிலத்தைத் தொடாவிட்டால் பீரங்கி சாய்ந்து நிற்கும். ஆகையால் அச்சாணி நேராகப் பொருந்துகின்றதா என்பதை ஒட்டுமுன்னரே வைத்துப் பார்க்கவேண்டும்.

நேயர்களே, இந்நான்கிற்கும் மேலாக இன்னொரு கேள்வி இருக்கின்றது. பீரங்கியை வீட்டிலே அழகுப்பொருளாக வைக்கலாமா? 2009இல் முடிந்த போரின்போது பீரங்கியின் ஓசையைத் தம் கூரையின் மேலே கேட்ட குடும்பங்கள் நம் நாட்டிலே பல. அத்தகைய வீட்டிலே, அளவையும் விலையையுங் கேட்குமுன், இதனை நாள்தோறுங் காணப்போகிறவர் யார் என்று கேட்பதே முறை. பாட்டியின் முகம் அதைக் கண்டு வாடுமானால், அப்பெட்டி கடையிலேயே இருக்கட்டும். விமானமும் படகும் உழவு இயந்திரமும் சிற்றுருக்களாகக் கிடைக்கத்தான் செய்கின்றன.

ஆயினும், செய்வதே பிழை என்று நான் சொல்ல மாட்டேன். கவனத்துடன் செய்பவர் ஓர் உண்மையைக் காண்பார். 25 இறாத்தற் பீரங்கியின் வீச்செல்லை ஏறக்குறைய 12 கிலோமீற்றர். அதனையும் 35இல் ஒரு பங்காக்கினால் ஏறக்குறைய 350 மீற்றர் ஆகும். உங்கள் மேசைமேல் நிற்கும் சிற்றுருவின் குண்டு, தெருக்கோடியையும் தாண்டி, நீங்கள் காணாத ஒரு வீட்டின் முற்றத்திலே விழும் என்பது அதன் பொருள். சுடுபவருட் பெரும்பாலோர் தாம் சுட்ட இடத்தைக் கண்ணாற் கண்டதில்லை. பெட்டிக்குள் குழாய் உண்டு, சில்லு உண்டு, சிலவற்றிலே வீரர் உருவங்களும் உண்டு. குண்டு விழும் அந்த மறுமுனை மட்டும் எந்தப் பெட்டியிலும் வருவதில்லை. அதனைச் செய்பவர்தாம் தம் மனத்திலே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, பிள்ளைகளுக்கு இத்தகைய பெட்டியை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், ஒட்டும் பசையோடு ஒரு வரலாற்று நூலையும் வாங்கிக் கொடுப்பாராக. சிற்றுருவின் அருகே ஒரு சிறு அட்டையில் அதன் பெயரையும், எங்கே எந்த ஆண்டிலே பயன்பட்டது என்பதையும் பிள்ளையே தன் கையால் எழுதி வைக்கட்டும். எழுதுவதற்காக அது படிக்கும். படிக்கும்போது கேள்விகள் கேட்கும். அக்கேள்விகளுக்கு மறுமொழி சொல்ல நாமும் ஆயத்தமாக இருப்போமாக.