குருடர் கண்ட யானை



பிற சமயத்தார் வழிபாட்டைப் பற்றிக் குழந்தை வினவுங்கால், "அது நமக்கு வேண்டா" என வாயடைத்து விடுகின்றோம். அடைத்த வினா பின்னர் வெறுப்பாய் முளைக்கும்.

யானையைத் தடவி, தூண் என்றும் முறம் என்றும் பூசலிட்ட குருடர் கதையைச் சொல்லுங்கள். அது பௌத்தரின் உதான நூலிலுள்ளது, சமணரும் எடுத்தாள்வர், 13-ஆம் நூற்றாண்டில் ரூமி, இருட்டறையில் யானையைத் தடவியோர் கதையாகப் பாரசீகத்திற் பாடினார்.

இதனை வகுப்பிற் கூறி, "குருடர் யாவர்?" என்றோம். பிள்ளைகள் பிற சமயத்தாரையே சுட்டினர். ஒரு சிறுவன் மட்டும், "ஐயா, நாமுந்தானே?" என்றான். நாம் நாணினோம், நம்மைக் கண்ணுடையவராக எண்ணியன்றோ கதை சொன்னோம்!

இன்றிரவே உங்கள் குழந்தைக்கு இக்கதையைக் கூறுங்கள். நீதி சொல்ல விரையாது, அவ்வொரு வினாவைக் கேட்டு, விடைக்குக் காத்திருங்கள்.