வலி நின்ற பல்



"வலி தானா நின்னுடுச்சு டாக்டர், அதான் வரலை." பல் மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. எனக்குப் பயம் தருவதும் இதுதான்.

சொத்தை, பல்லின் நடுவே உள்ள கூழ் வரை இறங்கும்போது வலி உயிர் போகும். பிறகு அந்தக் கூழ் செத்துவிடும், வலியும் அடங்கிவிடும். கிருமி அடங்காது. வேர் நுனி வழியே எலும்புக்குள் போய்ச் சீழ் கட்டும்.

கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்கள்தான் இதில் ஆபத்தானவை. நாக்குக்கு அடியில், வாயின் தரைபோல ஒரு தசை தாடையெலும்போடு ஒட்டியிருக்கிறது. இந்தப் பற்களின் வேர் நுனி பெரும்பாலும் அந்தத் தசைக்கும் கீழே முடிகிறது. அதனால் எலும்பைத் துளைத்துக்கொண்டு வரும் சீழ், கழுத்துப் பக்கம் இறங்கிப் பரவும். கண்ணாடியில் வாயைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

இப்படி வரும் கடுமையான நோயை 1836-இல் விவரித்தவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் லுட்விக். 'லுட்விக் ஆஞ்சைனா' என்று இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. தாடைக்கு அடியில் இருபுறமும் வீங்கி, தொட்டால் பலகையாய்க் கெட்டிப்பட்டிருக்கும். நாக்கு மேலே தள்ளப்படும். எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் வழியும், பேச்சு குழறும். சில மணி நேரத்திலேயே மூச்சுப்பாதை அடைபடலாம். கிருமிக்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன் இந்த நோய் கண்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று பெரும்பாலோரைக் காப்பாற்ற முடிகிறது, நேரத்தோடு வந்தால்.

நாம்தான் நேரத்தோடு போவதில்லை. கிராம்பை வைத்துக் கடிக்கிறோம், மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை கேட்டு வாங்குகிறோம். கிராம்பு வலியை மரக்கச் செய்யும், அவ்வளவுதான். மாத்திரையோ, தேங்கிய சீழுக்குள் போதுமான அளவு போய்ச் சேராது. சீழை வடிக்க வேண்டும். பல்லைப் பிடுங்கவோ வேர் சிகிச்சை செய்யவோ வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இந்தத் தொற்று இன்னும் வேகமாகப் பரவும், கழுத்திலிருந்து நெஞ்சுக்குள்ளும் இறங்கும்.

தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்க முடியவில்லை, எச்சில் இறங்கவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மல்லாக்கப் படுக்க வைக்காமல், உட்கார்த்தியபடியே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சர்க்கரை இருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.